எப்போதிலிருந்து?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் சொன்னவர் எவராயினும், அவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. காய்ச்சலையும் தலைவலியையும் ஒரே தட்டில் வைத்தது மட்டும் அவர் காய்ச்சலுக்குக் காட்டிய தாட்சணியம். காய்ச்சலென்றால் பிறர் தொட்டுப் பார்க்கலாம். வெப்பமானியை நாக்கடியில் வைத்து எடுத்து, "இதோ, 102" என்று வீட்டாருக்குக் காட்டலாம். உடனே கஞ்சி வரும், கம்பளி வரும், கவலையும் வரும். தலைவலியை அளந்து காட்ட அப்படி ஒரு கருவி இல்லை. வலிக்கிறவள் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். இந்த இரண்டில் இரண்டாவதுதான் கஷ்டம்.

போதாக்குறைக்கு, நம் பேச்சில் தலைவலிக்கு மதிப்பு மிகக் குறைவு. சொல்லாமல் வந்து பத்து நாள் தங்குகிற விருந்தாளி ஒரு தலைவலி. வசூலாகாத கடன் ஒரு தலைவலி. பிடிக்காத கலியாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, மறுநாள் சொல்லுகிற நாகரிகமான பொய்யும் தலைவலிதான். இத்தனை பேர் இத்தனை காரியங்களுக்கு எடுத்துப் புழங்கிய சொல்லை, நிஜமாகவே வலிக்கிறவள் எடுத்துச் சொல்லும்போது அதில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

எனக்கு இந்த வலி 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களில் ஓர் ஒற்றுமை உண்டு. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். சுசுருதரின் வைத்திய நூல் இதை அர்த்தாவபேதகம் என்கிறது. அர்த்தம் என்றால் அங்கே பாதி. கிரேக்கர்கள் 'பாதி மண்டை' என்ற பொருளில் இட்ட பெயர்தான் பல பாஷைகளின் வாயில் புகுந்து புறப்பட்டு மைக்ரேன் ஆயிற்று. ஒருவரையொருவர் கண்டிராத வைத்தியர்கள், தங்கள் எதிரே உட்கார்ந்த நோயாளி தலையில் ஒரு பாதியைக் கையால் பொத்திக்கொண்டிருந்ததைத் தவறாமல் பார்த்திருக்கிறார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலித்து, அவற்றில் 8 நாளாவது மைக்ரேனாக இருந்து, இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட மைக்ரேன் என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் வரையறுத்திருக்கிறது. இந்தக் கணக்கில் நான் தேர்ச்சி பெற்றவள். ஒரு காலத்தில் மாதத்துக்கு 20 நாள் வாங்கியிருக்கிறேன்.

வருவது எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். முதல் நாளே கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும், பிடரி கனக்கும். பிறகு ஏதோ ஒரு வேளையில், படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் இரண்டு எழுத்துக்கள் காணாமற்போகும். காணாமற்போன இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. அது கோட்டை மதிலின் படம்போல் முக்குமுக்காக வளைந்து, மினுமினுத்துக்கொண்டே கண்ணின் ஓரத்தை நோக்கி நகரும். 1941-ஆம் ஆண்டில் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி, தமக்கே வந்த இந்த வெளிச்சத்தைக் காகிதத்தில் வரைந்து வரைந்து பார்த்து, மூளையின் மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று பரவுகிறது என்று கணக்கிட்டார். 1944-இல் லியாவோ என்ற பிரேசில் நாட்டவர், முயலின் மூளையில் அப்படியே மெதுவாகப் பரவும் ஓர் அலையைக் கண்டு எழுதினார். எறும்பு இதைவிட வேகமாகப் போகும். ஆனால் அந்த எறும்பு ஊர்ந்து முடிந்த அரை மணிக்குள் என் வலது நெற்றிப் பொட்டில் உலக்கை விழத் தொடங்கும். அப்புறம் ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. இருட்டறையும் ஒரு வாளியும் போதும். வேறு சொத்து வேண்டாம்.

இனி, இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தலைவலியைப் பற்றி மட்டும் எழுதினால், புகையைப் பற்றி எழுதி அடுப்பை மறைத்த கதையாகும்.

1996-இல் எனக்குக் கலியாணம் ஆயிற்று. அவர் படித்தவர், கௌரவமான உத்தியோகம், அலுவலகத்தில் கோபமே வராத மனிதர் என்று பெயர் வாங்கியவர். வீட்டுக்கு வந்த பிறகே அது வரும். சாம்பாரில் உப்பு, சட்டையில் பொத்தான், தொலைபேசியில் என் அம்மாவுடன் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பேசியது, எதுவும் அதற்குப் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நிதானம் இழந்ததில்லை. முகத்தில் மட்டும் அடிக்கமாட்டார். முகத்தில் அடித்தால் பக்கத்து வீடு பார்க்கும், பால்காரர் பார்ப்பார். தலையில் அடித்தால் கூந்தல் மூடிக்கொள்ளும். சுவரில் மோதி வீங்கின இடத்தின்மேல் கொண்டை போட்டு, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிக்கொண்டு நான் எத்தனையோ விசேஷங்களுக்குப் போயிருக்கிறேன். "தலை நிறையப் பூ வச்சிக்கிட்டு மகாலட்சுமி மாதிரி இருக்கே" என்று சொல்லாதவர்கள் இல்லை. கோபம் என்பது கண்மூடித்தனமானது என்று கதைகளில் எழுதுகிறோம். எந்த இடத்தில் அடித்தால் வெளியே தெரியாது என்று பார்த்து அடிக்கிற கோபத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

2003-இல் நான் திட்டக்குடிக்கு, அம்மா வீட்டுக்கு, ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தேன். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வெள்ளாற்றின் வடகரையிலுள்ள சின்ன ஊர் இது. ஆற்றுக்கு அக்கரை போனால் வேறு மாவட்டம். வருஷத்தில் பெரும்பாலும் ஆறு மணலாகத்தான் கிடக்கும். ரயில் ஏற வேண்டுமானால் பெண்ணாடத்துக்குப் போக வேண்டும். சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும். இங்கே வந்ததும் இரவில் தூங்கலாம், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பு போட்டுக்கொள்ளலாம், கதவு திறக்கும் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டியதில்லை என்றெல்லாம் ஆயிற்று. அப்பொழுதுதான் தலைவலி தன் முழு உருவத்தையும் காட்டிற்று. அங்கே மாதத்துக்கு ஐந்தாறு நாள் வந்தது, இங்கே 15 நாள் என்றும் 20 நாள் என்றும் பெருகிற்று.

உறவினர் கூட்டம் இதைக் கவனிக்காமல் இருக்குமா? "ஏம்மா, இங்க நிம்மதியாத்தானே இருக்கே? அங்க இருந்தப்ப இல்லாத தலைவலி இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் ஓர் அத்தை. அவள் கேட்டது கேள்வியல்ல, தீர்ப்பு. அடி பட்டபோது தலை வலிக்கவில்லை, அடி நின்றபிறகு வலிக்கிறது என்றால், அடியே பட்டிருக்கவில்லை என்று அவள் கணக்கு முடிந்துவிட்டது. "பேசாமத் திரும்பிப் போனா எல்லாம் சரியாயிடும்" என்று மருந்தும் சொல்லிப் போனாள்.

அந்த அத்தைக்கு அன்று பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. விஞ்ஞானம் அதைப் பின்னாளில் சொல்லிற்று. 2014-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் லிப்டன் என்ற வைத்தியரும் அவரைச் சேர்ந்தவர்களும் மைக்ரேன்காரர்கள் சிலரை நாள்தோறும் குறிப்பு எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். மனத்தின் பளு ஏறும்போது தலைவலி வரும் என்றல்லவா நாம் எண்ணுகிறோம்? முந்தைய நாள் ஏறியிருந்த பளு இறங்குகிற நேரத்தில்தான் வலி பாய்ந்து வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். வாரமெல்லாம் வேலை செய்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வலிப்பதும், பரீட்சை முடிந்த மறுநாள் மாணவி படுத்துவிடுவதும் இதனால்தான். எப்போது அடி விழுமோ என்று ஏழு வருஷம் விறைத்து நின்ற உடம்புக்குத் திட்டக்குடி ஒரு நீண்ட ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது.

எங்கள் வீட்டில் தலைவலி புதிய சரக்குமல்ல. என் ஆயா ஈரத்துணியைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு குதிருக்குப் பின்னால் இருட்டில் படுத்துக் கிடந்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப்போடும் வேலை என்னுடையது. சுக்குப் பற்று காய்ந்து வெடிக்கும்போது நெற்றி எரியும். அந்த எரிச்சலில் உள்வலி சற்று மறக்கும். அமிர்தாஞ்சனத்தின் தத்துவமும் ஏறக்குறைய அதுதான். 1893-ஆம் ஆண்டில் பம்பாயில் நாகேஸ்வர ராவ் பந்துலு அதைத் தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனை இருட்டறைகளில் அந்த மஞ்சள் தைலத்தின் நெடி ஏறியிருக்கும்! எங்கள் ஊர்க் கோயிலில் குடியிருக்கும் சுவாமியின் பெயரோ வைத்தியநாதர். அம்மா எனக்காக அவரிடம் வேண்டிக்கொண்டாள். தனக்காக வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயாவின் தலைவலி எங்கள் வீட்டில் உரல், அம்மி மாதிரி ஒரு நிலையான பொருளாக இருந்தது. அது எப்போது வந்தது என்று யாரும் கேட்டதில்லை. என் தாத்தா கைநீளமானவர் என்பதை மட்டும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வைத்தியர்களிடம் போகாமலில்லை. ஒருவர் கண்ணாடி மாற்றச் சொன்னார். ஒருவர் மூக்கில் நீர் கோத்திருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையம்மா, சந்தோஷமாகப் போங்கள்" என்றார் மற்றொருவர். படத்தில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. மைக்ரேன் படத்தில் அகப்படுகிற ஆசாமி அல்ல. சந்தோஷமாகப் போவதுதான் முடியவில்லை. இன்னொருவர், "மனசுதான் காரணம், மறுபடியும் கலியாணம் செய்து வையுங்கள்" என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். எந்த மருந்துக் கடையிலிருந்து நோய் வந்ததோ, அங்கேயே மருந்தும் வாங்கச் சொன்ன மகானுபாவர் அவர்!

2011-இல் விருத்தாசலம் போய், வேறு பஸ் மாறி, சிதம்பரத்தில் ஒரு நரம்பு வைத்தியரைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு நேரம், வாந்தி உண்டா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "எப்போதிலிருந்து?" என்றார். "கலியாணமாகி ஒரு வருஷத்திலிருந்து" என்றேன்.

"தலையில் அடி ஏதாவது பட்டதுண்டா?"

"விழுந்திருக்கிறேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், ஆனாலும் அவசரப்படவில்லை. கடைசியில், "எத்தனை தடவை விழுந்தீங்கம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் எண்ணிக்கை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அதுவரையில் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. எந்த அடிக்குப் பிறகு நினைவு தப்பிற்று, எவ்வளவு நேரம் தப்பிற்று, கழுத்தைப் பிடித்து நெரித்ததுண்டா என்று விவரமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

மண்டையில் அடிபட்டால் மூளைக்கு என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரியாத ரகசியமல்ல. 1928-இல் அமெரிக்காவில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற வைத்தியர், குத்துச்சண்டைக்காரர்களில் சிலர் ஓய்வுபெறும் காலத்தில் தள்ளாடுவதையும், பேச்சுக் குழறுவதையும், நினைவு மங்குவதையும் கண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வைத்திய உலகம் குத்துச்சண்டைக்காரர்களின் தலையை அக்கறையோடு கவனிக்கத் தொடங்கிற்று. வீட்டுக்குள்ளே குத்து வாங்குகிறவர்களின் முறை எப்போது வந்தது? 1990-இல். அந்த ஆண்டு இங்கிலாந்தின் 'லான்செட்' பத்திரிகையில், பல வருஷம் கணவனிடம் அடிபட்டு வாழ்ந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. குத்துச்சண்டைக்காரர்களின் மூளையில் காணும் அதே மாறுதல்கள் அதிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் 62 வருஷம். பிறகு 2003-இல் ஈவ் வலேராவும் ஹோவர்ட் பெரன்பாமும், துணைவனிடம் அடிபட்ட 99 அமெரிக்கப் பெண்களிடம் விசாரித்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தடவையாவது மூளையில் அடிபட்டிருந்தது. பாதிப்பேருக்குப் பல தடவை. நான் பெட்டியோடு திட்டக்குடியில் வந்து இறங்கிய வருஷமும் அதுதான். மேடையில் அடி வாங்கினவனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த சாட்சிகள் ஆயிரம் பேர் இருந்தார்கள். நடுவர் பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். சமையலறையில் எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலை வலிக்கிற பெண்களெல்லாம் அடி வாங்கினவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மைக்ரேன் பெரும்பாலும் பரம்பரையில் வருவது. ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருவது. அன்பான கணவன் வாய்த்தவர்களுக்கும் தாராளமாக வருவது. சிதம்பரத்து அம்மாள் இதை எனக்குத் தெளிவாகச் சொன்னார்: "விதை உங்க அம்மா வீட்டுது. அதுக்குத் தண்ணி ஊத்தினது அந்த வீடு." மண்டையில் பட்ட அடி, வருஷக்கணக்கான பயம், கெட்டுப்போன தூக்கம் இவை மூன்றும் சேர்ந்தால் எப்போதாவது வருகிற விருந்தாளி வீட்டோடு தங்கிவிடுகிறான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

தங்கிவிட்டவனோடு வாழ்வது எப்படி என்பதையும் அவரிடமே கற்றேன். முதல் பாடம் ஒரு நோட்டுப் புத்தகம். வலித்த நாள், நேரம், முந்திய இரவு தூங்கிய மணி, சாப்பிட்ட வேளை, போட்ட மாத்திரை எல்லாம் அதில் ஏற வேண்டும். மளிகைக் கணக்கு எழுதிப் பழகின கைக்கு இது சிரமமில்லை. மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கைவைத்தது என் மாத்திரைகளில். மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுக்கும் சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடுமாம். பல மருந்துகளைக் கலந்து செய்த மாத்திரையென்றால் 10 நாளே போதும். நானோ ஒரு நாள் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவற்றை நிறுத்திய மூன்று வாரமும் நரகம். பிறகு, வலியைத் தடுப்பதற்கென்று தினமும் சாப்பிடும் மருந்து ஒன்று கொடுத்தார். மெல்ல மெல்ல 20 நாள் 12 ஆயிற்று. இப்போது எட்டு ஒன்பதில் நிற்கிறது. முற்றும் போகவில்லை. போகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. 2018 முதல் மேல்நாட்டில் இதற்கென்றே புதிய ஊசிமருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டால் மறுபடியும் தலை வலிக்கும்.

மற்றவையெல்லாம் பழக்கங்கள். வேளை தவறாமல் சாப்பிடுவது, வேளை தவறாமல் படுப்பது, சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்குமேல் வெள்ளாற்று மணல் பக்கம் கண்ணைத் திருப்பாமல் இருப்பது. திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் தெருக்கோடியிலிருக்கும் தோழி வீட்டுப் பின்கட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். நாவல் எழுதுவது விடியற்காலையில், பென்சிலால். கணிப்பொறியின் வெளிச்சம் கண்ணுக்குச் சேருவதில்லை. தொடர்கதை அத்தியாயம் ஒன்றை வலி வரும் முன் பாதியும் வலி போன பின் பாதியுமாக எழுதியிருக்கிறேன். அதில் கதாநாயகி நடுவில் காரணமில்லாமல் கொட்டாவி விடுவதைக் கண்டு ஒரு வாசகி கடிதம் எழுதினாள். அவளுக்கும் மைக்ரேன் இருக்கிறதோ என்னவோ!

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. குழந்தையைக் கண்டிக்கும் தாயை நினைத்துச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அதை எனக்கு எடுத்துச் சொன்னவர்கள் எல்லாரும் கணவனுக்காகவே சொன்னார்கள். அவர் அணைத்ததும் உண்டு. அடித்த மறுநாள் பழமும் பூவும் வாங்கி வந்ததும் உண்டு. அணைத்த கை அத்தோடு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டுவிட்டது. என் தலைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய கோபமோ துக்கமோ இன்று என்னிடம் அதிகமில்லை. மாதக்கணக்கில் அவர் ஞாபகமே வருவதில்லை. ஆனால் மாதத்தில் எட்டு நாள், நான் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், வலது நெற்றிப் பொட்டு நினைத்துக்கொள்கிறது.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கலியாணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையைக் கண்டவர்கள். கணவனின் கொடுமையைக் குற்றமாக்கிய சட்டம் 1983-இலேயே வந்தது. 2005-இல் இயற்றி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பெண்ணின் உடலுக்கும் மனத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் கேடு செய்வதெல்லாம் வன்முறை என்றது. வைத்தியச் செலவைக் கணவனிடம் வாங்கித் தரவும் வழி செய்தது. ஆரோக்கியம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என் தலைவலிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இடம் இருந்தால் போதுமா? "காயம் எங்கே?" என்று கேட்கிற வழக்கம் இன்னும் மாறவில்லை. கூந்தலுக்கு அடியில் என்று எப்படிக் காட்டுவது?

எனக்கு வலி உண்டு என்பது தெரு முழுவதற்கும் தெரியும். ஆகையால் தலை வலித்தால் மருந்துக் கடைக்குப் போவதற்குமுன் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் வேண்டாம். "அக்கா, ஒங்ககிட்ட நல்ல மாத்திரை இருக்காமே, ஒண்ணு குடுங்களேன்" என்றாள். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கலாகாது. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, உட்காரச் சொல்லி, "எப்போதிலிருந்து வலிக்குது?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமா இருக்கு."

"கலியாணம் எப்ப ஆச்சு?"

"போன தையில" என்றாள். பிறகு விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பதுபோல் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். முந்தானையை இழுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். காப்பியை முழுவதும் குடிக்கவில்லை.

நான் வற்புறுத்தவில்லை. தலையில் அடிபட்டு வாந்தியெடுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, கை கால் மரத்தாலோ, முன்பு எப்போதும் வராத வலி திடீரென்று வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு சீட்டில் 181 என்று எழிதிக் கொடுத்தேன். 2018 டிசம்பரில் தமிழ்நாட்டில் பெண்களுக்காகத் தொடங்கிய தொலைபேசி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அவள் அதை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் வருகிறாள். கதைப் புத்தகம் வாங்கிப் போகிறாள். தலைவலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். "இல்லக்கா, மஞ்சத்தூள் டப்பாவுக்கு அடியில இருக்கு" என்றாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு படுக்கிறவள் ஒருத்தி இருக்கலாம். தாயோ, தமக்கையோ, மருமகளோ, பாத்திரம் துலக்க வருகிறவளோ. "இவளுக்கு எப்பவும் இதே பாட்டு" என்று சொல்லாமல், விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். அநேகமாக, "சின்ன வயசிலிருந்தே; எங்க அம்மாவுக்கும் உண்டு" என்பாள். நல்லது, ஒரு நல்ல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். சில பேர் மட்டும் பதில் சொல்லாமல் உங்களைப் பார்ப்பார்கள். அப்போது எழுந்து போய்விடாதீர்கள்.